இன்னும் இருக்கிறதா

இன்னும் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.
வணக்கமில்லை, பெயரில்லை,
இரவு பதினொன்றரைக்கு ஒரு கேள்விக்குறி.
இருக்கிறது என்று நான் எழுதியதும்
அவர்கள் இல்லாமல் போகிறார்கள்.

பெர்கன் மழையில் யாரும் மலையேறி வரமாட்டார்கள்.
என் வாசலுக்குத் தொண்ணூற்றிரண்டு படிகள்.
விளம்பரத்தில் அதைப் போடவில்லை.
பொய் சொல்லவில்லை,
யாரும் கேட்கவில்லை.

ரொட்டி இயந்திரத்துக்கு வந்தவர்
முதலில் மூச்சு வாங்கினார்,
பிறகு குடிக்கத் தண்ணீர் வாங்கினார்,
இயந்திரத்தை மட்டும் வாங்கவில்லை.

பனிச்சறுக்குக் கட்டைகளை
இலவசம் என்று போட்டேன்.
எங்கே உடைந்திருக்கிறது என்று ஒருவர்.
பஸ் காசு தருவீர்களா என்று இன்னொருவர்.
ஐம்பது குரோனர் என்று மாற்றினேன்,
மாலைக்குள் இரண்டு பேர்
கீழ்ப்படியில் நின்று சண்டை.

ஒரு ஜோடி வந்தது, மெத்தை பார்க்க.
ஷூவைக் கழற்றிவிட்டு
ஈரக் காலுறையோடு படுத்தார்கள், இருவரும்.
என் கூரையை நெடுநேரம் பார்த்தார்கள்.
ஏதோ சொன்னாள், அவன் சிரித்தான்.
நான் சமையலறையில்
காய்ந்த கோப்பையை மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் குழி விழுந்திருக்கிறதே என்றான் எழுந்து.
நடுவில் இல்லை,
ஓரத்தில்தான்.
அதைச் சொல்லவில்லை.

தூர்கிரிம் என்பவர் மட்டும்
சொன்ன நேரத்துக்கு வந்தார்.
பதினோரு கையுறைகள், எதற்கும் இணையில்லை
என்று வேடிக்கைக்குத்தான் போட்டிருந்தேன்.
இடக்கை உறைகளாகப் பார்த்து
ஆறு எடுத்துக்கொண்டார்.
வலக்கை கடைசிவரை கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.
நன்றி, இவ்வளவு தேர்வு
எந்தக் கடையிலும் கிடைக்காது என்றார்.
அவர் இறங்கிப் போனபின் விளம்பரத்தைத் திருத்தினேன்:
ஐந்து. எல்லாம் வலது.

செம்புக் கெட்டிலை
ஆரஞ்சு மழைக்கோட்டுப் பெண்ணுக்குக் கொடுத்தேன்.
பெயர் வில்டே. முதல் வாடகை வீடாம்,
முதல் கெட்டிலாம்.
காசு வேண்டாம் என்றதும் கட்டிப்பிடித்தாள்,
என் சட்டையெல்லாம் மழை.
ஒரு வாரம் எனக்கு என்னையே பிடித்திருந்தது.

மூன்றாம் வாரம்
திரையைத் தள்ளிக்கொண்டே போனால்
அதே கெட்டில்.
நானூறு குரோனர். குடும்பச் சொத்து. பேரம் இல்லை.
படம்கூட நான் எடுத்தது,
புதிதாய் ஒன்று எடுக்கவும் சோம்பல் அவளுக்கு.

புகார் எழுதத்தான் படத்தைப் பெரிதாக்கினேன்.

கெட்டிலின் வயிற்றில்
என் ஜன்னல் வளைந்து கிடக்கிறது.
முகம் இருக்க வேண்டிய இடத்தில்
போனைப் பிடித்தபடி நான்.
எனக்குப் பின்னால்
கடுகத்தனை சோபா,
அதில் குனிந்து
ஷூ நாடா கட்டிக்கொண்டிருக்கிறான் ஹால்வார்.

ஆகஸ்ட் கடைசி ஞாயிறு அது.
வீட்டில் சாமான் அதிகம், மூச்சு முட்டுகிறது என்று
அவன் சொன்னதால்தான் ஆரம்பித்தேன்.
முதலில் கெட்டிலைப் படமெடுத்தேன்.
அது போவதற்குள்
அவன் போய்விட்டான்.
எங்கே போகிறாய் என்று
அன்று நான் திரும்பிக் கேட்டிருக்கலாம்.
வெளிச்சம் நன்றாக இருந்தது,
திரும்பவில்லை.

இந்த வருடம் நாங்கள் இருவரும்
சேர்ந்து விழுந்த ஒரே படம்
யாரோ ஒருத்தியின் நானூறு குரோனர் விளம்பரத்தில்.
பதினேழு பேர் பிடித்திருக்கிறது என்று
இதயம் போட்டிருக்கிறார்கள்.

புகாரை அழித்தேன்.
இரவு பதினொன்றரை இருக்கும்.
இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன்.

உடனே பதில் வந்தது:
இருக்கிறது.
படத்தில் தெரிவதைவிட
கொஞ்சம் மங்கல்.

முந்நூறுக்குக் கிடைக்குமா?